வாசகர் கேள்வி பதில்: பழைய ஆல்பம், மங்கும் டிக்கெட், கையால் தைத்த நோட்டு

கேள்வி: அம்மாவின் பழைய ஆல்பத்தில் படங்கள் பசையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கின்றன. பிய்த்து எடுத்து ஸ்கேன் செய்யலாமா?

பதில்: பிய்க்காதீர்கள், தயவுசெய்து. பக்கம் முழுக்கப் பசை, மேலே மூடிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள், அந்த வகை ஆல்பம்தானே? 1970, 80களில் நிறைய விற்றது. அந்தப் பசையும் தாளும்தான் நாளடைவில் படத்தைக் கெடுக்கின்றன, அதனால் எடுப்பது நல்லதுதான், ஆனால் அவசரமே கூடாது. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே முழுதாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எதற்குப் பக்கத்தில் எதை ஒட்டினார்கள் என்பதும் அம்மா சொன்ன கதையில் ஒரு பகுதி. அப்புறம் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல இப்படியும் அப்படியுமாக மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். வராத படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படங்களுக்கு ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) வையுங்கள். அதை 300 டிபிஐயில் அச்சிட்டால் நீளமும் அகலமும் இரண்டு மடங்காகும், முகங்கள் தெளிவாகத் தெரியும்.

ஸ்கேனரை விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேளுங்கள். "பழைய கதை சொல்லுங்கம்மா" என்றால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் வரும். "இந்தப் படத்தை எடுத்தது யாரு? ஓரத்தில் தெரியும் கை யாரோடது?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் போனை அவர் அருகில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். பெயர்களைப் படத்தின் பின்பக்கம் ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் வரை தடம் விடும்.

கேள்வி: ஒரே பயணப் படத்துக்குச் சித்தி ஒரு கதை சொல்கிறார், பெரியப்பா வேறு கதை சொல்கிறார். எதை எழுதுவது?

பதில்: இரண்டையும், யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். தீர்ப்பு சொல்ல நாம் யார்? சித்திக்கு அன்றைய மழை நினைவிருக்கிறது, பெரியப்பாவுக்கு வண்டியைத் தவறவிட்டது நினைவிருக்கிறது, இரண்டுமே நடந்திருக்கலாம்.

கேள்வி: பயணங்களில் சேர்த்த டிக்கெட்டுகள் வெள்ளைத்தாளாக மாறிக்கொண்டிருக்கின்றன. லேமினேட் செய்துவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! அந்த வழவழப்பான டிக்கெட்டுகளில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. லேமினேஷன் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். வெயில், பசை டேப், மலிவான பிளாஸ்டிக் உறை எல்லாமே அதற்கு ஆகாது. இன்றைக்கே ஸ்கேன் செய்து சாதாரணத் தாளில் அச்செடுங்கள், அசலைக் காகித உறையில் போட்டு இருட்டான இடத்தில் வையுங்கள்.

கேள்வி: அடுத்த பயணத்துக்கு மகளோடு சேர்ந்து ஒரு நோட்டு தைக்க ஆசை. தையல் இயந்திரம் இல்லை.

பதில்: ஊசி நூல் போதும். எட்டுத் தாள்களை ஒன்றாக மடித்து, கெட்டி அட்டையை வெளியே சுற்றி, மடிப்பில் மேலே, நடுவே, கீழே என மூன்று துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே நுழையுங்கள். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் இருக்கும்படி முடிச்சுப் போட்டால் முடிந்தது. தாளை எந்தத் திசையில் மடித்தால் சுலபமாக மடிகிறதோ அந்தத் திசையிலேயே மடியுங்கள், இல்லாவிட்டால் நோட்டு விறைத்துக்கொண்டு நிற்கும். டிக்கெட் செருக அட்டையின் உட்புறம் ஒரு காகிதப் பை ஒட்டிக்கொள்ளலாம். படம் வரையும் பக்கங்களை மகளுக்கே விட்டுவிடுங்கள்.