சாப்பிட அடம்பிடிக்கும் பெண் பால் பைத்தான் (ball python எனும் ஆப்பிரிக்க வளர்ப்புப் பாம்பு): இணைக்குத் தயார் செய்வது பற்றிச் செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியிலிருந்து: அண்ணே, என் பெண் பாம்புக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. எடை 1,340 கிராம். மாசத்துக்கு ரெண்டு சுண்டெலி எடுத்தாலே பெருசு. கார்த்திகையில ஆணைச் சேர்க்கலாமா?

இந்த வருஷம் வேண்டாம் தம்பி. 1,500 கிராம் என்று எல்லோரும் சொல்வது நன்றாகச் சாப்பிடும் பாம்புக்கான அடிமட்டக் கணக்கு. அடம்பிடிக்கிற பாம்புக்கு 1,700, 1,800 இருந்தால்தான் நான் சரி என்பேன். கருமுட்டை வளரத் தொடங்கியதும் நன்றாகத் தின்னும் பாம்பே சாப்பாட்டை நிறுத்திவிடும். முட்டையிடும் வரை மூன்று நான்கு மாதம் பட்டினிதான். பிறகு ஆறு முட்டை, ஒன்று 80 கிராம் என்றால் அரைக் கிலோ ஒரே நாளில் உடம்பை விட்டுப் போகிறது. நல்ல தீனிக்காரி அதை ஐந்தாறு மாதத்தில் மீட்டுவிடுவாள். உங்களுடையது ஒரு வருஷத்திலும் மீளாது.

எடையை மட்டும் பார்க்காதீர்கள். நடு உடம்பைக் குறுக்கே கற்பனை செய்தால் முனை மழுங்கிய முக்கோணமாக இருக்க வேண்டும். முதுகெலும்பு கூரையின் முகடு போலத் துருத்தினால் 1,600 கிராம் இருந்தாலும் தயாரில்லை. பெரிய சட்டத்தில் இளைத்த பாம்பு அது.

தேவகோட்டை: சாப்பிடாததுக்குக் காரணம் என்னன்னு எதுல இருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

சூட்டிலிருந்து. நம் ஊரில் சூட்டுக்கா பஞ்சம் என்று இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அறை 30 டிகிரி இருந்தாலும் பாம்புக்கு வேண்டியது ஒரு முனை 31–32, மறுமுனை 26–27 என்ற வித்தியாசம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஹீட் மேட்டை (சூடேற்றும் விரிப்பை) போட்டு அதன்மேல் டப்பை (பாம்பு இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியை) வைத்தால் பாதிச் சூட்டைக் கல் குடித்துவிடும். டப்புக்குள் தரை 28 தான் காட்டும். அடியில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள். தெர்மோஸ்டாட்டின் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியின்) சென்சார் மேட்டுக்கும் டப்புக்கும் நடுவில் ஒட்டியிருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். பாம்பு அந்த முனைக்கே போகாது, உணவும் எடுக்காது.

அடுத்து மறைவிடம். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, உடம்பு சுவரைத் தொடும் அளவுக்கு இறுக்கமாக. கண்ணாடித் தொட்டியைப் பட்டாலையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினால் எந்தப் பாம்பும் தின்னாது. 90 × 45 செ.மீ. அளவில் வெளிச்சம் புகாத டப், ஆள் நடமாட்டமில்லாத பின்கட்டு அறை, இரண்டு வாரம் கையே படாமல் விடுவது. பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீரும்.

தீரவில்லை என்றால் தாடைக்கடியில் கறுப்புப் புள்ளியாக உண்ணி இருக்கிறதா, மூச்சில் விசில் சத்தமோ வாயில் கோழையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழையில் டப்புக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிக் காற்றோட்டமும் இல்லையென்றால் சளி பிடிக்கும். 55 முதல் 65 போதும். சளி பிடித்த பாம்பை மருத்துவரிடம் காட்டுங்கள், இணை பற்றிய பேச்சை அந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர்: சுண்டெலியை விட்டு வெள்ளை எலிக்கு மாற மாட்டேங்குது. எப்படி மாத்துறது?

இதில் அவசரம்தான் எதிரி. வளர்ந்த பாம்புக்குச் சுண்டெலி 25 கிராம். அதை வைத்து எடை ஏற்றினால் எண்ணிக்கை கட்டுப்படியாகாது.

முதலில் பத்துப் பன்னிரண்டு நாள் எதுவும் கொடுக்காதீர்கள். 1,300 கிராம் பாம்புக்கு அது பட்டினியே அல்ல. பிறகு 40–50 கிராம் வெள்ளை எலி ஒன்றை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து இளக்குங்கள். சுண்டெலிக் கூண்டிலிருந்து ஒரு பிடி பழைய மரத்தூளை எடுத்து ஜிப் பையில் போட்டு, எலியை அதனுள்ளே அரை மணி நேரம் வையுங்கள். கொடுப்பதற்குச் சற்று முன் ஹேர் டிரையரால் தலைப்பக்கத்தை மட்டும் 38–40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். உதட்டுக் குழிகளால் சூட்டைப் பார்த்துத்தான் பாம்பு குறி வைக்கும். உடம்பும் தலையும் ஒரே சூடாக இருந்தால் குறி சிதறி நடு வயிற்றில் கடிக்கும், விழுங்கத் தெரியாமல் விட்டுவிடும். வெந்நீரில் முக்கினால் சுண்டெலி வாசனை போய்விடும், அதனால்தான் டிரையர்.

இரவு எட்டரை ஒன்பதுக்கு, விளக்கணைத்து, நீள இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து மறைவிட வாசலில் மெல்ல நகர்த்துங்கள். மூஞ்சியில் இடிக்காதீர்கள். தலையை உள்ளிழுத்துப் பந்தாகச் சுருண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். எலியை வாசலில் வைத்து மூடிவிட்டு, காலையில் எடுத்துக் குப்பையில் போடுங்கள். மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுத்த முயற்சி ஏழு நாள் கழித்து. தினம் தினம் நீட்டினால் எலியைக் கண்டாலே ஒளியப் பழகிவிடும்.

நாலு முறை தோற்றால் எலியின் உச்சந்தலையில் ஊசியால் குத்தி மூளைக் கசிவு மூக்கில் படும்படி தடவுங்கள். பார்க்க நன்றாயிருக்காது, வேலை செய்யும்.

புதுவயல்: வயக்காட்டு எலி சும்மா கிடைக்குதே, அதைப் பிடிச்சுப் போட்டா என்ன?

போடாதீர்கள். அரிசி ஆலையைச் சுற்றிய எலி எந்த மருந்தைத் தின்றது என்று யாருக்குத் தெரியும்? எலி மருந்தில் புரோமாடியோலோன் மாதிரியானவை ஈரலில் நெடுநாள் தங்கும். தின்ற பாம்புக்கும் அது போகும். குடற்புழுவும் உண்ணியும் கூடவே வரும். உயிரோடு போட்ட எலி பசியில் பாம்பின் முதுகைக் கடித்துக் குதறும் ஆபத்து தனி.

எலியே தொடாத பாம்புக்கு பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சின் மேல் எலியைத் தேய்த்து வாசனை ஏற்றலாம். குஞ்சையே வழக்கமான உணவாக்க வேண்டாம். கழிச்சல் இளகும், எடையும் ஏறாது.

கானாடுகாத்தான்: இப்ப நல்லா எடுக்க ஆரம்பிச்சிருச்சு. வாரம் ரெண்டு எலி கொடுத்துச் சீக்கிரம் எடை ஏத்தலாமா?

கூடாது. உடல் எடையில் 6–7 சதவீதம், பத்து நாளைக்கு ஒன்று. அதாவது 1,400 கிராமுக்கு 90 கிராம் எலி. கொழுப்பால் ஏறிய எடை முட்டைக்குப் போகாது. வளையும்போது செதில்களுக்கு நடுவே தோல் பளிச்சென்று தெரிந்தால், வால் தொடங்கும் இடம் உப்பியிருந்தால், பாம்பு கொழுத்துவிட்டது. இப்படிப்பட்டவை பெரும்பாலும் ஸ்லக் இடும்: மஞ்சளாக, மெழுகுக் கட்டி மாதிரி, கருவில்லாத முட்டை. அடுப்படித் தராசில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்து, உணவுத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வைகாசியிலிருந்து ஐப்பசி வரை என்ன தின்றது என்பதுதான் தகுதியை முடிவு செய்கிறது. மார்கழியில் கெஞ்சி ஊட்டுவது கணக்கில் சேராது.

கக்கிவிட்டால் பதினான்கு நாள் ஓய்வு, அடுத்தது பாதி அளவு எலி.

திருப்பத்தூர்: குளிர வைக்கிறதும் ஆணை விடுறதும் எப்போ?

வடகிழக்குப் பருவமழை பாதி வேலையைச் செய்துவிடும். கார்த்திகை நடுவிலிருந்து இரவில் மட்டும் 24–25 டிகிரிக்கு இறங்க விடுங்கள். பகலில் சூட்டு முனை 31 இருக்கட்டும். 22-க்குக் கீழே போக விடாதீர்கள். முற்றத்தை ஒட்டிய அறை மார்கழி விடியற்காலையில் அதைத் தொடலாம், அதனால் மேட்டை முழுதாக அணைக்காதீர்கள்.

700 கிராமுக்கு மேற்பட்ட ஆணைப் பெண்ணின் டப்பில் இரண்டு மூன்று நாள் விட்டு, இரண்டு வாரம் பிரித்து வையுங்கள். பிரித்த நாட்களில் பெண்ணுக்கு உணவு காட்டுங்கள். அடம்பிடிக்கும் பெண்ணோடு ஆணை மாதக்கணக்கில் போட்டு வைப்பது பெரிய தப்பு. கொஞ்சநஞ்சப் பசியும் போய்விடும். எடை பத்து சதவீதம் இறங்கியும் கருமுட்டை வளரும் அறிகுறி இல்லையென்றால் ஆணை எடுத்துவிட்டு அடுத்த வருஷம் பாருங்கள்.

கண்டனூர்: தை மாசத்துல நின்னுபோச்சு. பழைய அடமா, சினையா?

சினை என்றால் நிறம் வெளுத்துப் பளபளக்கும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கிடக்கும், குளிர்ந்த முனையைத் தேடும், வயிற்றை மேலே திருப்பிப் படுக்கும். பழைய அடத்தில் இதெல்லாம் இராது. விரலால் அழுத்திப் பார்க்கிறேன் என்று கருமுட்டையை உடைத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் வசதி இருந்தால் அதுவே சரி. கருமுட்டை வெளிப்படும் நாளில் நடு உடம்பு காலைமுதல் மாலைவரை விழுங்கிய எலி போலப் புடைத்திருக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சட்டை உரிக்கும். உரித்து ஏறக்குறைய முப்பதாம் நாள் முட்டை.

ஆத்தங்குடி: முட்டை சித்திரையில வரும்னா, அக்னி நட்சத்திரத்துல எப்படிக் காப்பாத்துறது?

இங்கே முட்டை வீணாவது குளிரால் அல்ல, வெயிலால். தெர்மகோல் மீன் பெட்டியில் செய்த இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. 31.5 என்று வைத்திருந்தாலும் மாடி அறை 37-ஐத் தொட்டால் தெர்மோஸ்டாட் அணைந்து கிடக்க, உள்ளே 37 ஏறும். 35 டிகிரியில் சில நாள் இருந்தாலே குட்டி முதுகு வளைந்து பிறக்கலாம் அல்லது உள்ளேயே சாகலாம். சில மணி நேரம் 28-க்கு இறங்குவதில் அவ்வளவு கேடில்லை.

ஆகவே இன்குபேட்டரை 27 டிகிரி ஏசி அறையில் வையுங்கள். ஏசி இல்லாவிட்டால் கனத்த சுவருள்ள கீழ்த்தள உள்ளறை. ஆனால் அங்கே ஒரு வாரம் வெறும் பெட்டியை ஓடவிட்டுக் கூடின பட்சச் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் முட்டையை வைக்க வேண்டும். பெட்டிக்குள் நாலைந்து லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இருந்தால் கரண்ட் போகும்போது சூடு சட்டென ஏறி இறங்காது. முட்டைக்குக் கீழே வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), தண்ணீரும் அதுவும் சம எடை. பிழிந்தால் சொட்டக் கூடாது. மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு அப்படியே வையுங்கள், புரட்டாதீர்கள். ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிய்க்காதீர்கள். 55–60 நாளில் பொரிக்கும்.

இந்த ஏற்பாடு இல்லாதவர்கள் இணையே போட வேண்டாம்.

கோட்டையூர்: மார்ஃப் பார்க்கணுமா?

மார்ஃப் என்பது வளர்ப்பில் பிரித்தெடுத்த நிறவகை. டெசர்ட் மார்ஃப் பெண்ணை இணைக்கே விடாதீர்கள். கரு நிற்காது, முட்டை அடைத்துச் செத்துப்போவதுண்டு. ஸ்பைடர் மார்ஃபுக்கு நரம்புக் கோளாறு பிறவியிலேயே வரும். தலை ஆடி எலியைத் தவறவிடுவதை அடம் என்று நினைப்பவர்கள் உண்டு.

குன்றக்குடி: பதிவு அவசியமா? நம்ம ஊர் மலைப்பாம்பையும் இப்படி வளர்க்கலாமா?

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, சைட்டிஸ் எனும் பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், பொரித்த குட்டிகளையும் சேர்த்து. நம் ஊர் மலைப்பாம்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வளர்ப்பது குற்றம். கண்மாய்க்கரையில் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மறுபடி தேவகோட்டை: முட்டையை எடுத்த பிறகும் காலி டப்பைச் சுத்திக்கிட்டே கிடக்கு, சாப்பிடலை.

முட்டை வாசனை போகவில்லை. பாம்பை 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். டப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரிப்பு, மறைவிடம், கிண்ணம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மூன்றாம் நாள் 40 கிராம் எலி, பழக்கப்பட்ட வாசனையோடு. அதற்கு மேல் பெரிதாகக் கொடுத்தால் கக்கும். எடுத்துவிட்டால் வாரம் ஒன்றாக நாலு வாரம், பிறகு பழைய அளவு. வரும் கார்த்திகையில் பழைய எடை திரும்பியிருந்தாலும் அவளை விட்டுவிடுங்கள், அதற்கடுத்த கார்த்திகையில் பார்க்கலாம்.