ஆண் பிள்ளைகள் ஏன் பள்ளியைப் பாதியில் விடுகிறார்கள்? விட்டால் என்ன ஆகிறது?

வறுமை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே வறுமையில், அதே வீட்டில் நான் படித்தேன், அண்ணன் நின்றுவிட்டான்.

நாங்கள் மும்பை தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர், இட்லி வியாபாரம். நாங்கள் படித்த தமிழ் வழி மாநகராட்சிப் பள்ளி ஏழாவதோடு முடிந்துவிட்டது. எட்டாவதுக்கு இந்தி வழிப் பள்ளி. தெருவில் இந்தியில் வெளுத்து வாங்கும் அண்ணன், வகுப்பில் திருதிருவென்று முழித்தான். ஏழாவது வரை கணக்கில் 'காரணி' என்று படித்தது அங்கே 'குணன்கண்ட்' ஆகிவிட்டது. அங்கே யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கடைசி பெஞ்சில் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

லீவு நாளில் லெதர் பை தைக்கும் கார்கானாவுக்குப் போக ஆரம்பித்தான். முதல் வாரக் கூலியை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு காலையில் பள்ளிக்கு என்று என்னை மட்டும்தான் எழுப்பினார்கள். பக்கத்து வீட்டு அக்கா நின்றபோது 'படிப்பை நிறுத்திட்டாங்க' என்று சால் (நாங்கள் இருந்த வரிசை வீடுகள்) முழுக்கப் பேச்சு. அண்ணனைக் கேட்டால் 'வேலைக்குப் போறான்' என்று பெருமையாகச் சொன்னார்கள். பையன்கள் நிற்பது யார் கண்ணிலும் படாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். (என் டியூஷன் ஃபீஸ் அந்தக் கூலியில்தான் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இப்போது சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2010-இல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான். வேலைக்கு வைக்கத் தடையும், அபாயத் தொழில்களைத் தவிர, 14 வயதோடு நின்றுவிடுகிறது. எட்டாவது முடிந்த பையனைப் பிடித்து நிறுத்த அப்புறம் எதுவும் இல்லை.

விளைவு உடனே தெரியாது. 17 வயதில் அண்ணன் கையில் காசு, என் கையில் புத்தகம். 27-லும் அவன் அதே மெஷினில்தான் உட்கார்ந்திருந்தான், கூலி மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. சவூதி வேலை ஒன்று வந்தது. பத்தாவது பாஸ் இல்லாததால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு. குடிபெயர்வு அனுமதி வாங்காமல் போக முடியாது. அதை வாங்கித் தர ஏஜென்ட் கேட்ட பணம் எங்களிடம் இல்லை. கூட விண்ணப்பித்த நண்பன், பத்தாவதில் தட்டுத்தடுமாறித் தேறியவன், கிளம்பிப் போய்விட்டான்.

மகாராஷ்டிராவில் 17-ஆம் நம்பர் படிவம் என்று ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகாமலே பத்தாவது எழுதலாம். அண்ணன் 31 வயதில் எழுதினான். முதல் தடவை கணக்கில் போய்விட்டது, அடுத்த தடவை தேறினான். அவன் மகன் இப்போது ஏழாவது. அடுத்த ஜூனில் எந்தப் பள்ளி, எந்த மொழி என்று இப்போதே விசாரித்துக்கொண்டு அலைகிறான்.