துணி கிளிப் யாருக்கு?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். வயது 42. தீவிர இலக்கியம் வாசிப்பவன். அம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு 71 வயது. பொழுதன்னிக்கும் சாணித்தாள் க்ரைம் நாவல்தான். படித்து முடித்ததும் கடைசிப் பக்கங்களைத் துணி கிளிப்பால் கவ்வி, டிவி ஸ்டாண்டில் அடுக்கி வைக்கிறார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால், “கொன்னது யாருன்னு சொல்லு பாப்போம்” என்று ஆரம்பிப்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விடுவேன். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் அவற்றைப் புரட்டுகிறாள். பிறந்தநாளுக்கு நல்ல நாவல்கள் வாங்கிக் கொடுத்தேன், அப்பா தொடவே இல்லை. அவர் ரசனையை உயர்த்த என்ன வழி?

பதில்: தம்பி, ரசனை கிடக்கட்டும். அந்தத் துணி கிளிப்பைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே! படித்து முடித்தவருக்குக் கொலைகாரன் யாரென்று தெரியும். அவருக்கு எதற்கு கிளிப்? அடுத்து எடுப்பவர் முடிவைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான். இத்தனை காலம் அந்த வீட்டில் அடுத்து எடுத்தவர் யார்? உங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வருடமாக எதிராளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். தினமும் உங்களைக் கூப்பிடுகிறார், நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். என்ன வே பழக்கம் இது? சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் பெற்றவருக்குச் செய்ய வேண்டியது தீர்ந்துவிடுமா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூட ஆளில்லாத வீட்டில் ‘அப்பா எங்களோடு இருக்கிறார்’ என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

அடுத்தது, ‘க்ரைம் நாவல்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். கொலைகாரன் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டு, பிடிபடுவானா மாட்டானா என்று ஓடுகிற த்ரில்லருக்கு கிளிப் வேண்டாம். பேய்க்கதைக்கும் வேண்டாம். தடயங்களை வாசகன் கண்முன்னே போட்டுவிட்டு, ஆளை மட்டும் கடைசிவரை மறைக்கிற புதிர்க் கதைக்குத்தான் வேண்டும். உங்கள் அப்பா அந்த ஜாதி வாசகர். அதற்குச் சட்டமே உண்டு. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது. துப்பறிகிறவர் கையில் கிடைத்த தடயத்தை வாசகனிடம் ஒளிக்கக் கூடாது. முன்கூட்டிக் கோடி காட்டாமல் இரட்டைப் பிறவியை இறக்கக் கூடாது. ‘இந்தக் கதையில எந்த விதியை மீறிட்டான்ப்பா?’ என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள், சோறு ஆறிப்போகும்வரை பேசுவார்.

நம்மூர் பாக்கெட் நாவலில் இன்னொரு அமைப்பும் உண்டு. க்ரைம் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமார் நமக்கு நன்றாகப் பழக்கிவிட்ட அமைப்பு அது. சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் ஓடி, கடைசியில் ஒன்றுசேரும். அதில் ‘யார்’ என்று தேடினால் தோற்றுப்போவீர்கள். இரண்டு பக்கமும் தட்டுப்படுகிற ஒரு ஊரையோ காரையோ ஆஸ்பத்திரியையோ பிடிக்க வேண்டும்.

அப்பாவோடு இந்தக் ‘கொன்னது யாரு’ ஆட்டத்தை ஆடுகிற முறையைச் சொல்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்தில் கிளிப் இருக்கட்டும். கடைசி நாலு பக்கத்தில் போட்டால் அதற்கு முன்னாலேயே முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஆளுக்கொரு சீட்டில் யார், எப்படி, எந்த வரியால் சந்தேகம் வந்தது என்று எழுதுங்கள். அந்த மூன்றாவதை விடவே கூடாது. இல்லாவிட்டால் ‘ரொம்ப நல்லவனா வர்றவன்தான்’ என்று குருட்டாம்போக்கில் அடித்தே ஜெயித்துவிடலாம். நாலு புத்தகத்தில் சலித்துப்போகும்.

மகள் விஷயத்தில் உங்கள் பயத்தில் பாதி நியாயம். சைக்கோ கொலைக் கதைகளில் பெண்களைச் சித்திரவதை செய்வதை விலாவாரியாக எழுதுவார்கள். அது அவளுக்கு வேண்டாம். வடிகட்ட வேண்டியது தாத்தா, முழுக்கப் படித்தவர் அவர்தானே. அட்டைப்படம் உறுத்தினால் பழைய காலண்டர் தாளில் அட்டை போடுங்கள். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துக் கொடுங்கள்.

தீவிர இலக்கியம் என்கிறீர்கள். நம் திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ என்ன கதை? பேய்க்கதை. வகை பார்த்து அவர் ஒதுங்கவில்லை, நீங்கள் ஏன் ஒதுங்குகிறீர்கள்? 71 வயதுக்காரர் ரசனையை உயர்த்துவது மகன் வேலை இல்லை. வேறு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நீதிமன்ற விசாரணைக் கதை கொடுங்கள். அதிலும் சாட்சியைக் கேள்வியால் மடக்குகிற புதிர் உண்டு. பிறந்தநாள் புத்தகங்களை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டும் வாங்குங்கள். பழைய பாக்கெட் நாவல்கள் புது அட்டையோடு மறுபடி வரும், இரண்டை ஒன்றாகச் சேர்த்தும் போடுவார்கள். காசு கொடுத்து வாங்கிப் பத்துப் பக்கம் தாண்டினால்தான் படித்த கதை என்று தெரியும். கதையின் பெயர், துப்பறிகிறவர் பெயர், சீட்டில் ஜெயித்தது யார் என்று மகள் எழுதி வைக்கட்டும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கோ பழைய புத்தகக் கடைக்கோ அந்த நோட்டோடு அப்பாவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.