கையில்லாத குப்பைத்தொட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டை வீட்டாரைப் பேசவைக்க ரோபோக்களைப் பயன்படுத்தலாம் என்று எங்கோ வாசித்தேன். கறிவேப்பிலைக்கும் உறைமோருக்கும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி வளர்ந்தவன் நான். இனி அந்தக் கதவையும் இயந்திரம்தான் தட்ட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

எல்லா வேலையையும் செய்துமுடிக்கும் ரோபோவைப் பற்றிய ஐயம் என்றால் அது எனக்கும் உண்டு. ஆனால் மனிதர்களை ஒன்றுசேர்த்தவை என்று நான் அறிந்த ரோபோக்கள் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவை.

ஜப்பானின் தொயொஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்சியோ ஒகாதா, 'பலவீனமான ரோபோ' என்ற கருத்தை முன்வைத்தவர். அவர் குழு உருவாக்கிய குப்பைத்தொட்டிக்குச் சக்கரம் உண்டு, கை கிடையாது. கீழே கிடக்கும் காகிதத்தை நோக்கித் தள்ளாடிச் செல்லும். எடுக்க முடியாமல் நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை எடுத்துப் போட்டால், சற்றே குனிந்து நன்றி சொல்லும்.

2009இல் கேசி கின்சர் என்ற மாணவி நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் விட்ட அட்டை ரோபோவுக்கு நேராகச் செல்ல மட்டுமே தெரியும். போகவேண்டிய இடம் அதன் கொடியில் எழுதியிருந்தது. வழிப்போக்கர்கள் 29 பேர் திருப்பிவிட்டதால், 42 நிமிடங்களில் அது மறுமுனையை அடைந்தது. (எல்லா ஊரும் இப்படியல்ல, வழியில் போகும் வண்டிகளில் லிஃப்ட் கேட்டே கனடாவைப் பத்திரமாகக் கடந்த ஹிட்ச்பாட் என்ற ரோபோ, 2015இல் பிலடெல்பியாவில் அடித்து நொறுக்கப்பட்டது.)

நீங்கள் எதிர்வீட்டுக்குப் போனது கறிவேப்பிலைக்காகத்தான். பேச்சு அதனுடன் கொசுறாக வந்தது. இன்று பத்து நிமிடத்தில் கறிவேப்பிலை வாசலுக்கே வந்துவிடுவதால், கதவைத் தட்டுவதற்கான சாக்கு போய்விட்டது. தொலைந்த அந்தச் சாக்கைத்தான் கையில்லாத தொட்டி திருப்பிக் கொடுக்கிறது.

பூங்காவில் கூடியவர்கள் அண்டை வீட்டார் அல்லர் என்று நீங்கள் மறுக்கலாம். ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில், தகானொரி ஷிபாதா வடிவமைத்த 'பாரோ' என்னும் கடல்நாய்ப் பொம்மை ரோபோக்கள் இரண்டைப் பொதுக்கூடத்தில் வைத்தபோது, அங்கு வசிப்பவர்களுக்குள் பழக்கம் கூடியதாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அறைக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தால், ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அதனுடனேயே பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆகவே உங்கள் குடியிருப்புச் சங்கம் ரோபோ வாங்க நினைத்தால், ஒன்றே ஒன்றை வாங்கி மாடிப்படியின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். யார் வீட்டு மின்சாரத்தில் அதற்குச் சார்ஜ் போடுவது என்று முதல் வாரமே கூடிப் பேசவேண்டி வரும்.