குடும்பச் சின்னம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

புது வீட்டு வாசலில் பதிக்க ஐரோப்பிய ஹெரால்ட்ரி (கேடயச் சின்னக் கலை) பாணியில் ஒரு குடும்பச் சின்னம் வரைந்திருக்கிறேன். கேடயத்துக்குள் சிங்கம், கிரீடம், இரண்டு வாள், புத்தகம், மயில். படம் இணைத்துள்ளேன். நாங்கள் அரச வம்சமெல்லாம் இல்லை. தாத்தா தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். இப்படி வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டா? எங்காவது பதிவு செய்ய வேண்டுமா? எந்த மென்பொருளில் வரைந்தால் நன்றாக வரும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மென்பொருள் எதுவானாலும் சரி. பதிவுக்கு, லண்டனில் 1484இல் தொடங்கிய, சின்னங்களைப் பதிவு செய்யும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் போல நம் நாட்டில் ஓர் அலுவலகம் கிடையாது. அந்தக் கவலையை விடுங்கள்.

உரிமை பற்றிக் கேட்டீர்களே, ஒருமுறை பழவேற்காடு போய் வாருங்கள். அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17ஆம் நூற்றாண்டுக் கற்களில் கேடயங்கள் செதுக்கியிருக்கிறார்கள். வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்காரர்களின் கல்லறைகள் அவை. ஹாலந்தில் பிரபுவாக இல்லாதவரும் தனக்கொரு சின்னம் வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளாகவே அந்தக் கற்கள் என் நினைவில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். அங்கே ஒரு கேடயத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். உருவம் தெரிகிறது, நிறம் தெரியவில்லை. எங்காவது ஓர் ஏட்டில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் போதும், முழுச் சின்னத்தையும் மறுபடி வரைந்துவிடலாம்.

அந்த வரிக்குப் பெயர் பிளேசன். ஹெரால்ட்ரியில் சின்னம் என்பது அந்த வரிதான். படம் அதற்குப் பிறகு வருவது. தியான சுலோகத்தைக் கேட்டு ஸ்தபதி சிலை வடிப்பதைப் போல. பத்துப் பேர் பத்து விதமாக வரைந்தாலும், வரி ஒன்றென்றால் சின்னமும் ஒன்றுதான்.

1385இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் ரிச்சர்ட் ஸ்க்ரூப், ராபர்ட் க்ரோஸ்வெனர் என்ற இரண்டு வீரர்கள் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள். நீலக் களம் (கேடயத்தின் பின்னணி), அதன் குறுக்கே சாய்வாக ஒரு பொன் பட்டை. அவ்வளவுதான். அதற்காக ஐந்து வருடம் வழக்கு நடந்தது. கவிஞர் சாசர் சாட்சி சொன்னார்: லண்டன் ஃப்ரைடே தெருவில் புதிதாகத் தொங்கிய பலகையைப் பார்த்து, 'ஸ்க்ரூப் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது?' என்று கேட்டாராம். 'இது ஸ்க்ரூப் உடையதில்லை, க்ரோஸ்வெனர் என்ற செஷயர் வீரருடையது' என்று பதில் வந்ததாம். அந்தப் பெயரையே அப்போதுதான் முதல்முறை கேட்டதாகச் சொன்னார். தெருவில் போகிறவர் ஒரு பார்வையிலேயே இன்னார் சின்னம் என்று சொல்லிவிடுகிறார், பாருங்கள்! க்ரோஸ்வெனர் தோற்றார். பிறகு நீலத்தில் பொன் நிறக் கோதுமைக் கதிர்க்கட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் குடும்பம் பட்டையை மறக்கவில்லை. 1880இல் டெர்பி பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கு அவர் வழிவந்த பிரபு வைத்திருந்த பெயர் 'பெண்ட் ஓர்', அதாவது அதே பொன் பட்டை.

இப்போது உங்கள் படத்துக்கு ஒரு வரி சொல்லுங்கள் பார்க்கலாம். மூச்சு முட்டும். சிவப்பின் மேல் கருப்புச் சிங்கம், வெள்ளையின் மேல் மஞ்சள் கிரீடம். மஞ்சள் என்றால் பொன், வெள்ளை என்றால் வெள்ளி. பொன்னும் வெள்ளியும் உலோகம், மற்றவை நிறம். உலோகத்தின் மேல் உலோகமும் நிறத்தின் மேல் நிறமும் வரக்கூடாது என்பது ஹெரால்ட்ரியின் பாலபாடம். தூசி பறக்கும் போர்க்களத்தில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். உங்கள் கிரீடம் தெருமுனையிலிருந்து பார்த்தால்கூடத் தெரியாது. தெரியாததும் நல்லதுதான், யாருடைய கிரீடம் அது? வாளும் மயிலும்கூட கடன் வாங்கியவைதானே?

எனக்குக் கோபம் வந்தது எங்கே தெரியுமா? தாத்தாவைப் பற்றிக் கடிதத்தில் எழுதத் தெரிந்த உங்களுக்குக் கேடயத்தில் அவருக்கு இடம் கொடுக்கத் தோன்றவில்லையே! வெயிலில் கண் கூச, காலில் வெடிப்போடு உப்பு வாரிய மனிதர் அவர். அவர் வாரிய உப்பில்தான் உங்கள் அப்பா வளர்ந்திருப்பார். இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு குடும்பத்துக்கு?

நீலக் களம், அதில் ஒரு வெள்ளிக் குவியல். நீலம் நிறம், வெள்ளி உலோகம். விதிக்குச் சரியாக வருகிறது. வெறும் குவியலை யாராவது மலை என்று நினைத்துவிடலாம். அதனால் உப்பு வாரும் பலகை ஒன்றைக் குவியலின் மேல் கருப்பில் வையுங்கள். பலகையும் அதன் கைப்பிடியும் வெள்ளிக்குள்ளேயே முடியட்டும், நீலத்தில் ஏற வேண்டாம்.