சிறையில் இருக்கும் வழக்கறிஞருக்கு விருது கொடுத்து என்ன பயன்?

கதவு திறந்துவிடாது, உண்மைதான். ஆனால் வெளியே பலர் இவரைக் கவனிக்கிறார்கள் என்பது சிறை அதிகாரிக்கும் உறைக்கும். வழக்கறிஞர்களுக்கு மட்டுமே தரப்படும் லுடோவிக் திராரியே விருதை 1985-இல் முதலில் பெற்றவர் நெல்சன் மண்டேலா. அப்போது அவர் சிறையில். 2018-இல் அது ஈரானின் நஸ்ரின் சொதூதேவுக்கு. கட்டாய முக்காட்டை எதிர்த்த பெண்களுக்காக வாதாடியவர், அவரும் கம்பிக்குள்தான் இருந்தார்.

அப்புறம், விருதோடு ஜனவரி 24 என்றொரு நாளும் இருக்கிறது. 1977-இல் அதே நாளில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் அட்டோச்சா தெருவில், தொழிலாளர் வழக்குகளைப் பார்த்துவந்த அலுவலகத்துக்குள் தீவிர வலதுசாரிகள் துப்பாக்கியோடு புகுந்து ஐந்து பேரைக் கொன்றார்கள். அந்த நாளைத்தான் ஆபத்திலுள்ள வழக்கறிஞர்களுக்கான நாளாக அனுசரிக்கிறார்கள். விருதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: அன்று சக வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடே போய், வழக்கறிஞர்கள் ஆபத்தில் இருக்கும் நாட்டின் தூதரக வாசலில் நிற்பார்கள்.