மாடியில வெச்ச மிளகுக்கொடி காய்க்கவே மாட்டேங்குதே!

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி ஏற்காடு போனப்ப ரோட்டோர நர்சரில மிளகு நாத்து வாங்கி மாடில தொட்டில வெச்சேங்க. பிவிசி பைப்புல கட்டி விட்டிருக்கேன், இலையெல்லாம் பளபளன்னு இருக்கு, ஆனா ஒரு சரம் கூட வரல. ஆண் செடியா இருக்கும், புடுங்கிப் போடுன்றாரு வீட்டுக்காரரு. போட்றலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அய்யோ, புடுங்கிடாதீங்கம்மா. ஆண் செடி, பெண் செடின்றதெல்லாம் காட்டு மிளகுல தான், நர்சரில விக்கிற பன்னியூர் 1 மாதிரி ரகத்துல பெரும்பாலும் ஒரே பூவுல ரெண்டும் இருக்கும், அதனால சார் சொல்றத இந்த ஒரு விஷயத்துல கேக்க வேணாம். உங்களுது தரையோட ஓடுற கொடிய வெட்டி வேர் புடிக்க வெச்ச நாத்தா இருக்கும். அது ஏறணும், ஏறுறப்ப கணுவுக்குக் கணு வேர் விட்டு ஒட்டிக்கணும், அப்புறமா பக்கவாட்டுல கிளை விடும், சரம் தொங்குறது அந்தக் கிளைல தான். ஏற்காடு எஸ்டேட்ல காபிக்கு நடுவுல சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்டிருப்பாங்களே, அதுவே காய்க்க 3, 4 வருஷம் ஆகும். வழவழன்னு இருக்குற பைப்புல வேர் எத புடிக்கும் சொல்லுங்க! தேங்கா நார் சுத்துன கம்பு நட்டு அதுல ஏத்தி, நாரு காயாம தண்ணி தெளிங்க. சேலத்து வெயிலுக்கு நிழல் வலை கண்டிப்பா வேணும். தொட்டில மட்டும் தண்ணி தேங்கக் கூடாது, தேங்குனா வாடல் நோய் வந்து கொடியே போயிரும்.

அடுத்த தடவை வாங்குறப்ப புதர் மிளகு, அதாவது புஷ் பெப்பர்னு கேட்டு வாங்குங்க. காய்க்கிற பக்கக் கிளையவே வெட்டி வளத்தது, ஏறாது, தொட்டிலயே குத்துச்செடியா நின்னு ஒரு வருஷத்துலயே சரம் விடும்.

கேள்வி: வெள்ளை மிளகு வேற செடியா?
- வாசகர், ஓமலூர்

பதில்: இல்லீங்க, அதே கொடிதான். பச்சையா பறிச்சு தோலோட வெயில்ல காய வெச்சா கறுப்பு. நல்லா பழுக்க விட்டு, தண்ணில ஊறப் போட்டு தோலத் தேச்சு எடுத்துக் காய வெச்சா வெள்ளை. சளிக்கு ரசம் வெக்கணும்னா எனக்குக் கறுப்பு தான், வாசனையே அந்தத் தோல்ல தானே இருக்கு.

கேள்வி: மிளகுல பப்பாளி விதை கலந்திருக்கான்னு எப்படிப் பாக்குறது?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: ஒரு டம்ளர் தண்ணில போடுங்க. நல்ல மிளகு அடில போயிரும், பப்பாளி விதை மிதக்கும்.